வெக்கையை அளக்கக் கற்றுக்கொள்

அன்புள்ள தங்கைக்கு,

பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, அடுத்து எதைப் படிப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பாய். இயற்பியலோ கட்டடப் பொறியியலோ சமூகவியலோ, எதை எடுத்தாலும் ஒரு வேலையை நீ மனதில் போட்டுவைக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். சித்திரை, வைகாசியில் நம் வீடுகள் ஏன் இப்படிக் கொதிக்கின்றன? மின்சாரத்தை அள்ளி இறைக்காமல் அவற்றை இதமாக வைப்பது எப்படி? இதற்கான விடையைத் தாமிரபரணிக் கரையில் நின்று அளந்துதான் பெற வேண்டும். அந்த வேலை ஒரு துறைக்கோ ஒரு கல்லூரிக்கோ அடங்காது. பலர் கூடித்தான் செய்ய வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

மனித உடலுக்கு எந்த வெப்பம் இதமானது என்பதற்கு உலகம் நெடுங்காலம் நம்பிய விடை, அமெரிக்காவின் கன்சாஸிலும் டென்மார்க்கிலும் ஆய்வுக்கூட அறைகளில் கிடைத்தது. பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை மூடிய அறையில் உட்காரவைத்துச் செய்த சோதனைகள் அவை. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் அவற்றிலிருந்து ஒரு கணக்கை வகுத்து 1970-ல் நூலாக வெளியிட்டார். ஊர் எதுவானாலும் அலுவலகத்தை ஒரே குளிரில் வைக்கும் வழக்கத்துக்கு அந்தக் கணக்கு துணைநின்றது. 1998-ல் டி டியர், பிரேகர் என்ற இரு ஆய்வாளர்கள் நான்கு கண்டங்களில் 160 கட்டடங்களில் பலர் திரட்டிய சுமார் 21,000 பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சன்னலைத் திறந்துகொள்ள வசதியுள்ள கட்டடத்தில் இருப்பவர்கள், வெளியே வெயில் கூடக்கூட உள்ளேயும் சற்றுக் கூடுதலான வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது அப்போது தெளிவாயிற்று. ஒரே ஊரை மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

இந்தியாவில் இந்தக் கேள்வியை அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் சிட்னி நகரத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து எடுத்துக்கொண்டது. அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா என்று ஐந்து வகைத் தட்பவெப்பத்துக்கு ஐந்து ஊர்கள், 16 அலுவலகக் கட்டடங்கள், மூன்று பருவங்கள், 6,330 பதில்கள். ஒருவர் தம் மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் கருவிகளை வைத்துக் காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டத்தின் வேகம், சுவரும் கூரையும் வீசும் அனல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார்கள். அதே நேரத்தில், கடும் குளிர் முதல் கடும் வெப்பம் வரை ஏழு படிகளில் இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்பார்கள். என்ன உடுத்தியிருக்கிறார், என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் தாளில் ஏறும். இவ்வளவிலிருந்தும் 2014-ல் ஒரு விதி வந்தது. சன்னல் திறந்த கட்டடத்தில், முந்தைய முப்பது நாள் வெளிவெப்பச் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டினால் இதமான உள்வெப்பம் கிடைக்கும். சராசரி 32 டிகிரி என்றால் விடை 30.1. அதற்கு மேலும் கீழும் சுமார் 2.4 டிகிரி வரை பத்தில் ஒன்பது பேருக்கு ஒத்துக்கொள்ளும். இந்த விதி 2016-ன் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது.

“ஏசி வாங்க வழியில்லாதவர்களை வெக்கையிலேயே இருந்துகொள்ளச் சொல்வதற்கு இது ஒரு சாக்காகிவிடாதா?” என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விதி வெக்கையைச் சகித்துக்கொள்ளச் சொல்லவில்லை. எந்த எல்லைக்கு மேல் சகிக்கச் சொல்லக் கூடாது என்பதைக் காட்டுகிறது. நண்பகலில் 36 டிகிரி கொதிக்கும் தகரக் கூரை வீட்டைக் குடியிருக்கத் தகாதது என்று வாதாட ஒரு எண் வேண்டும்; அதை இது தருகிறது. அலுவலக ஊழியரிடம் பெற்ற கணக்கைக் கைக்குழந்தைக்கும் படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் அப்படியே பொருத்த முடியாது என்பதும் உண்மை. அதனால்தான் வீடுகளுக்குள் போய், வீட்டில் இருப்பவர்களைக் கேட்டு, மேலும் அளக்க வேண்டியிருக்கிறது.

“நம் முன்னோர் கட்டிய வீடுகளே குளுகுளுவென்று இருந்தனவே, ஆராய்ச்சி எதற்கு?” என்பது இன்னொரு வாதம். திண்ணை, தார்சா, முற்றம், தடித்த சுண்ணாம்புச் சுவர், மச்சுக்கு மேலே ஓடு என்றிருந்த வீடுகள் வெயிலை நன்றாகவே தடுத்தன. ஆனால் இரண்டு சென்ட் மனையில் முற்றம் வைக்க இடம் ஏது? கட்டும் பொருளும் மாறிவிட்டது. நெல்லையை அடுத்த தாழையூத்து ஆலை 1949-ல் சிமென்ட் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று நம் ஊர்களில் எழும்புவது பெரும்பாலும் காங்கிரீட் தளம் போட்ட வீடுதான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த அந்தத் தளம், இருட்டிய பிறகு நாம் படுக்கும் நேரத்தில் அனலைக் கீழே இறக்குகிறது. பழைய வீட்டில் எந்த உறுப்பு எவ்வளவு வெப்பத்தைத் தடுத்தது என்று தனித்தனியே அளந்தால்தான், எதைப் புது வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று சொல்ல முடியும். தட்டட்டியில் வெள்ளை பூசுவதா, மேற்குச் சுவருக்கு நிழல் தருவதா, எதற்கு முதலில் காசு போடுவது என்று கொத்தனாரும் வீட்டுக்காரரும் கேட்டால் பெருமை பேசி விடை சொல்ல முடியாது.

“பாபநாசத்தில் 1944 முதல் நீர்மின்சாரம், ராதாபுரம் பக்கம் காற்றாலைகள், கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு. நமக்கு ஏன் சிக்கனம்?” என்றும் கேட்பார்கள். ஊரில் பிறக்கும் மின்சாரம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அது பொதுக் கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது 2024 மே 2 அன்று. தென்மேற்குக் காற்று முழுதாக எழும்பாத, அணைகள் வற்றிக் கிடக்கும் காலம் அது. ஒன்றரை டன் ஏசி ஒன்று ஓடினால் ஏறத்தாழ இருபது சாதாரண மின்விசிறிகளின் மின்சாரம் செலவாகிறது. அது அறையிலிருந்து எடுக்கும் வெப்பத்தைத் தெருவில்தான் கொட்டுகிறது. ஏசி இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் அதையும் சேர்த்துச் சுமக்கிறார். கூரையிலும் சுவரிலும் தடுக்கப்படும் வெப்பத்துக்கு மின்கட்டணமும் இல்லை, பக்கத்து வீட்டுக்குத் தொல்லையும் இல்லை.

இவ்வளவும் ஒப்புக்கொண்டாலும், சென்னையில் அளந்தது நெல்லைக்குப் போதாதா? போதாது. கட்டட விதிகளின் வரைபடத்தில் இரண்டும் வெப்பமும் ஈரமும் கூடிய ஒரே மண்டலம். ஆனால் சென்னை கடலோர ஊர். நெல்லையின் பாளையங்கோட்டையோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், ஆனி ஆடியில் கணவாய்க் காற்று வந்து மோதும் ஊர். பாபநாசத்து மலையடி, சேரன்மகாதேவி வயல்வெளி, நெல்லை டவுனின் நெருக்கமான தெருக்கள், புன்னைக்காயல் கடற்கரை என்று ஒரே ஆற்றங்கரையில் எத்தனை வேறுபாடு! இத்தனை இடத்திலும் ஆண்டு முழுவதும் கருவி வைத்து, வீடு வீடாகக் கேட்டு, கணக்குப் போட வேண்டும். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் புள்ளியியலும் சமூகவியலும் இருக்கின்றன. சுவரையும் தளத்தையும் அறிந்த அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சுற்றுச்சூழல் படிப்புக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆழ்வார்குறிச்சி மையம் இருக்கிறது. பல நிறுவனங்கள் கூடினால் வேலை தாமதமாகும், பெயர் யாருக்கு என்ற பூசலும் வரலாம். யார் எதை அளப்பது, தரவு யாருக்கெல்லாம் திறந்திருக்கும் என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொண்டால் அதைச் சமாளிக்கலாம். ஐந்து நகரங்களில் பலர் கூடிச் செய்த வேலைதான் தேசிய விதியாயிற்று.

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், முதல் ஆண்டிலேயே உன் ஆசிரியரிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோ. பக்கத்துத் துறையில் ஒரு தோழியைத் தேடிக்கொள். நாம் அளக்காவிட்டால், வேறெங்கோ எடுத்த அளவை வைத்துத்தான் நம் வீடுகள் கட்டப்படும். அந்தத் தவறின் செலவை ஒவ்வொரு கோடையிலும் நம் மக்கள் மின்கட்டணமாகவும் தூக்கமில்லாத இரவுகளாகவும் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்