டிவியில் கணக்கு பளிச்சென்று தெரியணும்



குழுக் கணக்கை இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டரில் போடுகிறோம். ஆனால் லேப்டாப் திரை சின்னது. கணக்கு வாசிப்பவரும் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேரும்தான் பார்க்க முடியும். மற்றவர்கள் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். சேமிப்பு நம்முடையது, கடனும் நம்முடையது. கணக்கை நாமே கண்ணால் பார்க்க வேண்டாமா?

லேப்டாப்பை டிவியில் இணைத்தால் எல்லோரும் பார்க்கலாம். ஆனால் படம் மங்கலாக இருந்தால் 3,000 ரூபாய் நிலுவை 8,000 போலத் தெரியும். தெளிவாகத் தெரிய என்ன செய்யணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சரியான வயர்

லேப்டாப்பிலும் டிவியிலும் எச்.டி.எம்.ஐ. என்று எழுதிய தட்டையான துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒரே வயரில் படமும் சத்தமும் வரும். படம் தெளிவாக இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் 15 ஊசி உள்ள வி.ஜி.ஏ. வயர் இருக்கும். அதில் படம் மட்டும்தான் வரும். சத்தத்துக்குத் தனி வயர் வேணும். வயரைச் சொருகியதும் டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பட்டனை அழுத்தி, அந்தத் துளையின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

2. புள்ளிக் கணக்கு

டிவிப் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. சில டிவியில் 1366 x 768 புள்ளி, சிலவற்றில் 1920 x 1080 புள்ளி. கம்ப்யூட்டர் அனுப்பும் புள்ளியும் டிவியின் புள்ளியும் ஒத்துப்போகணும். கோலத்தில் புள்ளி எண்ணிக்கை மாறினால் கோடு சேராது இல்லையா? அதே கதைதான்.

விண்டோஸ் பட்டனையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். 'டூப்ளிகேட்' என்று வைத்தால் இரண்டு திரையிலும் ஒரே படம் வரும். லேப்டாப்பின் புள்ளி குறைவாக இருந்தால் டிவியிலும் அந்த அளவே வந்து, எழுத்து மங்கும். அப்போது 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' என்று மாற்றுங்கள். பிறகு 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போய், 'ரெசல்யூஷன்' என்ற இடத்தில் 'ரெக்கமண்டட்' என்று போட்டிருக்கும் அளவை வையுங்கள்.

3. ஓரம் வெட்டுதா?

கணக்கின் முதல் வரியும் கடைசி வரியும் காணாமல் போனால், டிவி படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகிறது என்று அர்த்தம். கடைசி வரியில்தானே மொத்தத் தொகை இருக்கும்! டிவி மெனுவில் படத்தின் அளவு என்ற பகுதியில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஷார்ப்னெஸ்' அதிகமாக இருந்தால் எழுத்தைச் சுற்றி நிழல் விழும், குறைத்து வையுங்கள்.

4. எழுத்தைப் பெரிதாக்குங்கள்

எழுத்து தெளிவாக இருந்தாலும் பொடியாக இருந்தால் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. 'கன்ட்ரோல்' பட்டனை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் கணக்குத் தாள் பெரிதாகும். ஒரே நேரத்தில் எல்லாக் கட்டத்தையும் காட்ட வேண்டாம். சேமிப்பு, கடன், வட்டி என்று பிரித்துக் காட்டலாம்.

பழைய டிவி இருந்தால்?

2006-இல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் வந்த பெட்டி டிவி சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் வழியே கருவி வைத்து அதிலும் இணைக்கலாம். பயிற்சிப் படம் பார்க்க அது போதும். ஆனால் பொடி எழுத்துக் கணக்கு அதில் தெளிவாக வராது. அதற்காகக் குழுப் பணத்தைச் செலவு செய்ய வேண்டாம். பெரிய தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினாலே போதும்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

கடைசி வரிசையில் உட்காரும் அக்கா, டிவியைப் பார்த்து இருப்புத் தொகையை வாய்விட்டுச் சொல்லட்டும். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் ரூபாய் எண் தெரியும். அவர் சொன்ன தொகையும் பாஸ் புத்தகத் தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று எல்லோரும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அங்கேயே காரணம் கேளுங்கள். அதற்குப் பிறகு தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவோம்.