டிர்க் நோவிட்ஸ்கி கற்ற பாடம்



"விளையாட்டு சோறு போடுமா?" என்று நம் தோட்டத்துப் பெற்றோர் கேட்பதைப் பலமுறை செவியுற்றிருக்கிறோம். பொழுது சாய்ந்த பிறகும் திடலை விட்டு வர மனமில்லாத பிள்ளையைக் கையைப் பற்றி இழுத்துச் செல்லும்போது எழும் கேள்வி இது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழும் குடும்பத்திற்குப் பிள்ளையின் கல்வியே பெருஞ்செல்வம். ஆயினும், படிப்பும் விளையாட்டும் ஒரு பிள்ளையை இரு பக்கமும் இழுத்தபோது நிகழ்ந்ததை இவ்வாண்டு மலரில் எழுத விழைகிறோம். அது ஜெர்மனி நாட்டில் நடந்தது.

அந்நாட்டின் தென்பகுதியில், மைன் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்கள் சூழ விளங்குவது வூர்ட்ஸ்பர்க் நகரம். 1895ஆம் ஆண்டில் பேராசிரியர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது இந்நகரில்தான். இங்கு 1978ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் டிர்க் நோவிட்ஸ்கி பிறந்தார். தந்தை வீடுகளுக்குச் சாயம் பூசும் தொழிலை நடத்தியவர். ஹேண்ட்பால் எனப்படும் எறிபந்தில் வல்லவர். தாயாரோ நாட்டின் பெண்கள் கூடைப்பந்துக் குழுவில் ஆடியவர்.

டிர்க் முதலில் எறிபந்தும் டென்னிசும் ஆடினார். வயதிற்கு மீறிய உயரம். டென்னிஸ் திடலில் அவரைக் கண்டோர் ஏளனம் செய்தனர். அந்தக் கேலி பொறுக்காமல் கூடைப்பந்தின் பக்கம் திரும்பினார். பிற்காலத்தில் 213 சென்டிமீட்டர் வளர்ந்தவருக்கு அது பொருத்தமான இடமே.

ஜெர்மனியின் கழக முறையை ஈண்டுச் சிறிது விளக்க வேண்டும். அங்கே பிள்ளைகளின் விளையாட்டுப் பயிற்சி பெரும்பாலும் பள்ளியைச் சார்ந்ததன்று. ஊர்க் கழகத்தைச் சார்ந்தது. பெற்றோர் சந்தா செலுத்திப் பிள்ளையைச் சேர்ப்பர். பழைய ஆட்டக்காரர்களும் பெற்றோருமே பல வேலைகளை ஊதியமின்றிச் செய்வர். சிறுவர் குழு முதல் பெரியவர் குழு வரை ஒரே கழகத்தில் படிப்படியாக ஏறலாம். கழகங்களுக்கும் படிகள் உண்டு. நன்றாக ஆடும் கழகம் ஆண்டு முடிவில் மேற்பிரிவிற்கு ஏறும். பின்தங்கியது கீழே இறங்கும். டிர்க் சேர்ந்த டி.ஜே.கே. வூர்ட்ஸ்பர்க் கழகத்தின் பெரியவர் குழு அப்போது இரண்டாம் பிரிவில் இருந்தது.

அவருக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும். ஒருநாள் ஆட்டக்கூடத்தில் அவரைக் கண்டார் ஹோல்கர் கெஷ்விண்ட்னர் என்பவர். 1945இல் பிறந்த இவர், 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடியவர். கணிதமும் பௌதிகமும் பயின்றவர். ஆட்டத்தின் நுட்பங்களை உனக்கு யார் கற்பிக்கிறார் என்று சிறுவனை வினவினார். ஒருவரும் இல்லை என்பதே மறுமொழி. கெஷ்விண்ட்னர் பெற்றோரைச் சந்தித்துப் பேசினார், பயிற்சி தொடங்கிற்று.

1994இல் டிர்க் கழகத்தின் பெரியவர் குழுவில் இடம் பெற்றார். இடம் பெற்றார் என்றோமே தவிர, ஆடினார் என்று சொல்ல இயலாது. பல ஆட்டங்களில் ஓரத்து இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். அதே வேளையில் பள்ளியில் மதிப்பெண்கள் சரிந்தன. பயிற்சிக்குச் செல்ல வேண்டிய பொழுதில் பாடநூலைப் புரட்ட வேண்டியதாயிற்று. பெற்றோர்களே, நம் இல்லங்களில் நடப்பதுதானே இது!

இந்த நிலையில் ஆசிரியர் மாணவனுக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை. தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஊரளவில் பெயரெடுத்தால் போதும் என்றால் பயிற்சியை இத்துடன் நிறுத்திவிடலாம். உலகின் சிறந்தவர்களுடன் ஆட வேண்டுமென்றால் இனி நாள்தோறும் பயிற்சி. டிர்க் உடனே தலையாட்டவில்லை. இரண்டு நாள் எண்ணிப் பார்த்த பிறகே இசைந்தார். அந்த இரண்டு நாள்களை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

பயிற்சி எப்படிப்பட்டது? பளு தூக்கல் இல்லை. பந்தை எறிதல், பந்தைக் கைமாற்றுதல், மீண்டும் எறிதல். அவர் எறியும் முறையை ஆசிரியர் கணக்கிட்டே வகுத்தார். அந்தக் கணக்கை நம் மாணவர்களும் அறியலாம்.

கூடையின் வளையம் 45 சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் உள்ளது. பந்தின் அகலம் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர். ஒரு பிரம்பு வளையத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சிறிது சிறிதாகச் சாய்த்துப் பாருங்கள். முழு வட்டமாகத் தெரிந்தது மெல்ல ஒடுங்கி, முடிவில் ஒரு கோடாகிவிடும். வளையத்தை நோக்கி வரும் பந்திற்கும் அப்படித்தான். நேர் மேலிருந்து விழும் பந்திற்கு வாயில் 45 சென்டிமீட்டர். 45 பாகைச் சாய்வில் வரும் பந்திற்கு 32 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. 30 பாகையில் வருமானால் 22.5 சென்டிமீட்டர்தான், பந்து அதனினும் பெரிது. ஆகவே தட்டையாக எறியப்படும் பந்து விளிம்பைத் தொடாமல் உள்ளே புகவே முடியாது. அப்படியானால் வானளாவ எறிந்துவிடலாமே என்று ஒரு மாணவன் கேட்கக்கூடும். மிக உயரே செல்லும் பந்து நெடுந்தொலைவு பறக்கிறது. கைவிசையில் நேரும் சிறு பிழையும் பெரிதாகிவிடும். இவ்விரண்டிற்கும் நடுவே, டிர்க்கின் உயரத்திற்கும் நீண்ட கைகளுக்கும் ஏற்ற வளைவைக் கண்டறிவதே ஆசிரியரின் வேலை. அந்த வளைவை உடல் மறவாமல் பதித்துக்கொள்வது மாணவனின் வேலை.

ஆசிரியர் அத்துடன் நிற்கவில்லை. இசைக்கருவி பழகச் சொன்னார். சாக்சபோன் கைக்கு வந்தது. இலக்கிய நூல்களைப் படிக்கத் தூண்டினார். பந்தாட்டப் பயிற்சியாளர் நூல்களைப் படிக்கச் சொன்ன செய்தி ஆசிரியராகிய நமக்கு மகிழ்வளிக்கிறது என்பதை மறைப்பானேன்?

நிற்க. 1997 செப்டம்பர் முதல் 1998 ஜூன் வரை, அந்நாட்டு இளைஞர் அனைவர்க்கும் இருந்த கடமைப்படி இராணுவப் பணி செய்தார். அக்காலத்திலும் கழக ஆட்டம் தொடர்ந்தது. ஓரத்தில் அமர்ந்திருந்தவர் அந்தப் பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரி 28 புள்ளிகள் எடுத்தார். வூர்ட்ஸ்பர்க் கழகம் புண்டெஸ்லிகா எனப்படும் முதற்பிரிவிற்கு ஏறியது. 1998 மார்ச்சில் அமெரிக்காவின் சான் அந்தோனியோ நகரில், அந்நாட்டு இளைஞர் குழுவை உலக இளைஞர் குழு எதிர்த்தது. அதில் டிர்க் 33 புள்ளிகள் குவித்தார். அதுவரை பெயர் அறியப்படாத ஜெர்மானியப் பையனைப் பற்றி எல்லாரும் பேசினர்.

அவ்வாண்டு ஜூனில் அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பாகிய என்.பி.ஏ.யில் ஒன்பதாவது ஆளாக மில்வாக்கி பக்ஸ் குழு அவரைத் தேர்ந்தெடுத்து, அன்றே டல்லாஸ் மாவரிக்ஸ் குழுவிற்கு மாற்றிக் கொடுத்தது. ஆனால் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே ஊதியத் தகராறு. 1999 பிப்ரவரி வரை அங்கு ஆட்டமே இல்லை. அந்த மாதங்களில் டிர்க் தம் பழைய கழகத்திற்காகவே புண்டெஸ்லிகாவில் ஆடினார்.

அமெரிக்காவில் முதற்பருவம் இனிக்கவில்லை. எதிராளிகள் வலியவர்களாகவும் விரைவானவர்களாகவும் இருந்தனர். சராசரி 8.2 புள்ளிகளே கிட்டின. ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினார். திரும்பவில்லை. அடுத்த பருவத்தில் சராசரி 17.5, அதற்கடுத்ததில் 21.8.

2006இல் இறுதிச் சுற்றின் முதல் இரு ஆட்டங்களை வென்ற டல்லாஸ், பின்னர் நான்கையும் மியாமி ஹீட் குழுவிடம் தொடர்ந்து இழந்தது. 2007இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது டிர்க்கிற்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் ஐரோப்பியர் அவரே. எனினும் அவ்வாண்டு அவர் குழு வெற்றியாளர் போட்டியின் முதற்சுற்றிலேயே வெளியேறியது. கையில் விருது, நெஞ்சில் தோல்வி. மேலும் நான்கு ஆண்டுகள் சென்றன. 2011 மே மாதம் ஓக்லஹோமா சிட்டி குழுவுடன் நடந்த ஆட்டத்தில் 24 தண்ட எறிகள் கிடைத்தன. இருபத்து நான்கும் வளையத்தில் விழுந்தன. நாம் மேலே கண்ட வளைவுக் கணக்கை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள், அதே மியாமியை அதன் ஊரிலேயே வென்று டல்லாஸ் வாகை சூடியது. வெற்றி உறுதியானதும் டிர்க் கொண்டாட்டத்திற்கு நில்லாமல் உடைமாற்றும் அறைக்குள் ஓடிக் கண்ணீர் விட்டார். பின்னரே கோப்பையைப் பெற வெளியே வந்தார்.

இருபத்தொரு பருவங்கள் ஒரே குழுவில் ஆடி, 31,560 புள்ளிகள் எடுத்து, 2019இல் ஓய்வு பெற்றார். 2023இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

பல்லாயிரவர் அமரும் அரங்குகளில் ஆடிய காலத்திலும், கோடை வந்தால் அவர் ஜெர்மனிக்குத் திரும்பிவிடுவார். பாம்பெர்க் நகருக்கு அருகே ராட்டெல்ஸ்டோர்ஃப் என்று ஒரு சிற்றூர். அவ்வூர்ப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், பார்வையாளர் எவருமின்றி, பந்தை வளையத்தில் எறிந்து பழகுவார். அருகில் நின்று கைமணிக்கட்டையும் பந்தின் வளைவையும் கவனித்துக்கொண்டிருந்தவர், அதே கெஷ்விண்ட்னர் ஆசிரியர்.