நடுவயதில் ஊர் திரும்புதல்

கேள்வி: நடுவயதில் திருப்பரங்குன்றம் திரும்புவோரைப் பழைய நினைவுகள் உலுக்குவது ஏன்?

பதில்: நாற்பதைக் கடந்தவர்களின் நினைவில் 10 முதல் 30 வயது வரையிலான நிகழ்வுகளே அடர்ந்திருப்பதை உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. பழகிய இடம் அவற்றைத் தூண்டிவிடும். நகராட்சியாக இருந்த திருப்பரங்குன்றம் 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. சுற்றுவட்டாரத்தில் குடியிருப்புகள் பெருகின. குன்றும், 773ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் கொண்ட குடைவரையும், சரவணப் பொய்கையும் நிலைத்திருக்கின்றன. மாறாதவை நினைவை எழுப்புகின்றன. மாறியவை இழப்பை உணர்த்துகின்றன.

பழைய மனத்தாங்கல் இருந்தால் இந்த உணர்வு கூடும். பூர்வீக வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுச் சென்றவர் இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து உறவினர் திருமணத்துக்குத் திரும்புவதே 2024இல் வெளிவந்த 'மெய்யழகன்' படத்தின் கதை. அதில் காயத்தை ஆற்றுவது உறவினர் ஒருவரின் அன்பான பேச்சு. ஊரில் எஞ்சியிருக்கும் உறவுகளோடு மனம்விட்டுப் பேசுவதே கடந்த காலத்தை எதிர்கொள்ளும் நல்ல வழி.