உழைத்துக் களைத்த நாயும் தண்ணீரும்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, விலங்கியல்)

நன்றிக்கு நாயை எடுத்துக்காட்டாகக் கூறுவது நம் வழக்கம். ஆனால் அந்த நாய் வெயிலில் உழைத்துவிட்டு வந்து நிற்கும்போது அதன் உடலில் என்ன நிகழ்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆட்டுக் கிடையுடன் ஊர் ஊராகச் செல்லும் நாய் பகலெல்லாம் மந்தையுடன் அலைகிறது. இரவில் காவல் காக்கிறது. காவல்துறையின் மோப்ப நாயும் மணிக்கணக்கில் உழைக்கிறது. வேலை மும்முரத்தில் இவை களைப்பையும் தாகத்தையும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே, எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வளர்ப்பவரே அறிந்திருத்தல் வேண்டும்.

நாய்க்கு வியர்க்குமா?

நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களின் அடிப்பகுதியில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். அதனால் பெரும் பயன் இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதே நாய் தன்னைக் குளிர்வித்துக் கொள்ளும் முறையாகும். ஓய்வில் நிமிடத்திற்கு 10 முதல் 30 முறை மூச்சு விடும் நாய், இரைக்கும்போது 300 முறைக்கு மேலும் விடும். மூக்கு, வாய், நாக்கு ஆகியவற்றின் ஈரம் ஆவியாகும்போது வெப்பமும் வெளியேறுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் நீர் எளிதில் ஆவியாவதில்லை. எனவே கடலோரப் புழுக்கத்தில் நாய் விரைவில் சோர்ந்துவிடும்.

நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். கடும் ஓட்டத்திற்குப் பின் இது 41 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. ஓய்வில் அது தணிந்துவிட்டால் கவலையில்லை, தணியாவிடில் ஆபத்து.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வியர்வையில் நாம் உப்பையும் இழக்கிறோம். இரைக்கும் நாய் இழப்பது பெரும்பாலும் நீரையே. ஆதலால் நமக்கு உதவும் உப்பு கலந்த பானம் நாய்க்குத் தேவையில்லை. சுத்தமான தண்ணீரே அதற்கு அருமருந்து.

முதலில் குளிர்ச்சி

களைத்து வந்த நாயை உடனே நிழலுக்குக் கொண்டு செல்ல வேண்டும். வாய்க்கூடு இருந்தால் கழற்றிவிட வேண்டும். வாய் திறந்தால்தான் வெப்பம் வெளியேறும். பிறகு உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். சூடேறிய உடம்பில் குளிர்ந்த நீர் படக்கூடாது என்ற நம்பிக்கை தவறானது. ஈரச் சாக்கைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுவதும் தவறு; சாக்கு சூடாகி, நீர் ஆவியாவதைத் தடுத்துவிடும்.

2024-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், தானாகவே தலையை நீரில் அமிழ்த்தப் பழக்கப்பட்ட நாய்களின் வெப்பநிலை மற்ற முறைகளைவிட விரைவாக இறங்கியது தெரியவந்தது. ஆனால் நாயைப் பிடித்து வலிந்து அமிழ்த்தலாகாது.

நீரும் உணவும்

ஓய்வாக இருக்கும் 20 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் நீர் வேண்டும். வெயிலில் உழைத்தால் இது பல மடங்காகும். ஒரேயடியாகக் கொடுக்காமல் சிறிது சிறிதாக, பல முறை கொடுப்பது நன்று. குடிக்க மறுத்தால் நீரில் சிறிது இறைச்சிச் சாறு கலக்கலாம். அலாஸ்காவில் 1973 முதல் நடைபெறும், சுமார் 1600 கிலோமீட்டர் தூர பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் நாய்களுக்கு இவ்வாறே நீர் புகட்டுகின்றனர். கடுங்குளிரிலும் உழைப்பவனுக்கு நீர் தேவை என்பது இதனால் விளங்கும்.

இரைப்பு முற்றிலும் அடங்கிய பின்னரே உணவு தர வேண்டும். அதையும் சிறு பங்குகளாகத் தருவது நலம். சிப்பிப்பாறை, இராஜபாளையம் போன்ற ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு வயிறு ஊதித் திருகிக்கொள்ளும் கொடிய நோய் வர வாய்ப்பு அதிகம்.

அபாய அறிகுறிகள்

ஈறுகள் உலர்ந்து ஒட்டுதல், தோளருகே இழுத்துவிட்ட தோல் மெதுவாகப் படிதல் ஆகியவை நீர் வற்றியதற்கு அடையாளம். தள்ளாட்டம், வாந்தி, நினைவிழத்தல், சிறுநீர் செம்பழுப்பாதல் ஆகியவற்றில் எது கண்டாலும், உடலைக் குளிர்வித்தபடியே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். நினைவிழந்த நாயின் வாயில் நீர் ஊற்றக்கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

இவற்றுக்குப் பெரும் செலவு ஏதுமில்லை. ஒரு குடம் தண்ணீர், ஒரு மர நிழல், சிறிது நேரம் போதும். நமக்காக ஓடிய வாயில்லா உயிருக்கு இவ்வளவேனும் செய்வது நம் கடமையன்றோ!