துடிப்பு அடங்கினாலும் மருந்து எதற்கு?

ஓய்வாக இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கிறது. இதற்கான மின் கணத்தாக்கங்கள் குடாச்சோணைக் கணுவில் தோன்றுவதாக உயிரியலில் படிக்கிறோம். இதயத்தின் மேலறைகளான சோணையறைகளில் அவை ஒழுங்கின்றி எழுந்தால், அறைகள் சுருங்காமல் நடுங்கும்; துடிப்பும் தாளம் தப்பும்.

என் உம்மம்மாவுக்கு இந்த நோய்தான். மாத்திரைகள் இரண்டு. பைசோபுரோலோல், இதயத்தில் அதிரினலின் பற்றும் வாங்கிகளை மறித்து வேகத்தைக் குறைக்கிறது. வோபரின் துடிப்பை மாற்றுவதில்லை. நடுங்கும் சோணையறையில் குருதி தேங்கி உறையலாம். அக்கட்டி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் வரும். விற்றமின் கே-யின் செயலைத் தடுத்து, குருதி உறைவதை வோபரின் குறைக்கிறது. அதனால்தான் கீரை உண்ணும் அளவைத் திடீரென மாற்றக் கூடாது. குருதிப் பரிசோதனையையும் தவறவிடக் கூடாது.

"இப்ப படபடப்பு இல்லையே, பிறகு ஏன் மகள் இது?" என்று உம்மம்மா வோபரினை ஒதுக்கப் பார்த்தார். படபடப்பு அடங்கினாலும் குருதி உறையும் ஆபத்து நீங்குவதில்லை என்று விளக்கினேன். நோன்பு காலத்தில் மருந்து நேரத்தை மாற்றுவதானாலும், றமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.