தூக்கத்துக்கு யார் சாட்சி?

கேள்வி: எனக்கு வயது 46. இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை என்று சொன்னதும், டாக்டர் ஒரு கேள்விப் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். கூட்டிப் பார்த்து, ‘9 வந்திருக்கிறது, உங்கள் தூக்கத்தின் தரம் குறைவு’ என்றார். என் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சோ தினமும் ஏழு மணி நேரம் தூங்குவதாகக் காட்டுகிறது. எதை நம்புவது? தூங்கிக் கிடந்தவரிடமே ‘எப்படித் தூங்கினீர்கள்?’ என்று கேட்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. தூங்குகிறவருக்குத் தான் தூங்குவது தெரியாது. அப்படியிருக்க, அவர் வாய்ச்சொல்லை எண்ணாக்கிக் கூட்டுவது வேடிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் அந்தப் படிவம் தூக்கத்தை அளக்கும் கருவி அல்ல. விழித்த பிறகு நாம் தூக்கத்தைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பைத்தான் அது பதிவு செய்கிறது. இரண்டும் வேறு வேறு என்பதை மறக்காதவரை அது பயன்படும், மறந்தால் ஏமாற்றும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்களுக்குத் தந்தது பிட்ஸ்பர்க் தூக்கத் தர அட்டவணையாக இருக்கலாம். டேனியல் பைசி என்ற மனநல மருத்துவரும் சகாக்களும் 1989இல் வெளியிட்டது அது. கடந்த ஒரு மாதத்தைப் பற்றிய 19 கேள்விகள், அவற்றை ஏழு பிரிவாக்கி, பிரிவுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. 5ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று கணக்கு. இதில் மதிப்பெண் விழும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒருவர் இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுகிறார். ‘எத்தனை மணி நேரம் தூங்கியிருப்பீர்கள்?’ என்ற கேள்விக்கு ‘ஆறு’ என்று எழுதினால், தூங்கிய நேரத்துக்கு 1, படுத்த நேரத்தில் முக்கால் பங்கு தூங்கியதற்கு 1. அதே ஆள் ‘ஐந்தரை’ என்று எழுதினால் இரண்டு இடத்திலும் 2. குத்துமதிப்பாகச் சொன்னதில் அரை மணி மாறியதும் மொத்தத்தில் இரண்டு மதிப்பெண் ஏறிவிட்டது. 4 எடுத்து நல்ல தூக்கக்காரராக இருந்தவர், 6 எடுத்து மோசமான தூக்கக்காரர் ஆகிவிட்டார். அந்த அரை மணியை இருட்டில் யார் கடிகாரம் வைத்து எண்ணினார்கள்?

இந்தக் குத்துமதிப்பு எவ்வளவு தவறும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோவில் 669 பேரின் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. கருவி காட்டிய சராசரி 6 மணி நேரம். அவர்களே சொன்னது 6.8 மணி நேரம். பிழை எல்லோருக்கும் ஒரே அளவாக இருந்தாலாவது கழித்துக்கொள்ளலாம். ஐந்து மணி நேரம் தூங்கியவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூட்டிச் சொன்னார்கள். ஏழு மணி நேரம் தூங்கியவர்கள் அரை மணிக்கும் குறைவாகத்தான் கூட்டினார்கள். யாருக்குத் தூக்கம் குறைவோ, அவர் கணக்கில்தான் பிழை அதிகம். நம் சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். அவர்கள் இரவில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பாயில் கிடந்தார்கள். தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். வெக்கை, கொசு, தெருச் சத்தம் எல்லாம் சேர்ந்து மீதியைத் தின்றுவிட்டன. ‘எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள்’ என்று மட்டும் கேட்கும் படிவத்தின் கண்ணில் இவர்கள் நிறைவாகத் தூங்கியவர்கள்.

பிழை எதிர்ப்பக்கமும் சாயும். ‘ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை’ என்பவரை ஆய்வகத்தில் படுக்க வைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தால், பல சமயம் அவர் பல மணி நேரம் தூங்கியிருப்பது தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. விழித்துக் கிடந்த நிமிடங்கள் நினைவில் தங்கும். தூங்கிய மணிகள் தங்காது. லேசான தூக்கத்திலோ, தூங்கினோம் என்ற உணர்வுகூட இருக்காது. டிவி முன்னால் தலை தொங்கத் தூங்குகிறவரிடமிருந்து ரிமோட்டை எடுத்தால், ‘பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்’ என்று சண்டைக்கு வருவார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை.

அப்படியானால் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லோரையும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். உடம்பெல்லாம் ஒயரோடு, பழக்கமில்லாத கட்டிலில் படுக்கும் முதல் இரவுத் தூக்கம் வழக்கமான தூக்கம் அல்ல என்பது 1960களிலிருந்தே தெரிந்த விஷயம். அதைவிட முக்கியமானது, தூக்கமின்மை என்ற நோயே நோயாளியின் புகாரை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. தூக்கம் வரவில்லை, வந்தாலும் நிற்கவில்லை, அதனால் பகல் பொழுது கெடுகிறது என்று ஒருவர் சொன்னால், ‘உன் மூளை அலை நன்றாகத்தான் இருக்கிறது’ என்பது அவருக்குப் பதில் ஆகாது. பசி ஆறியதா என்பதை இலையில் போட்ட சோற்றை நிறுத்துச் சொல்ல முடியாது. சாப்பிட்டவரைத்தான் கேட்க வேண்டும். சிகிச்சையால் குணம் தெரிகிறதா என்று பார்க்கவும், ஒரே ஆளின் போன மாதப் படிவத்தையும் இந்த மாதப் படிவத்தையும் ஒப்பிடுவது போல எளிய வழி வேறில்லை.

உங்கள் வாட்ச் நடுநிலையான நீதிபதி ஆயிற்றே என்பீர்கள். அது பார்ப்பது முக்கியமாகக் கை அசைவையும் நாடித் துடிப்பையும். தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தால், அதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடக்கூடும். தூக்கமின்மைக்காரர்கள் பலர் அப்படிக் கிடப்பதுண்டு. ஆகவே 9 என்ற மதிப்பெண்ணும் ஏழு மணி நேரமும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஒன்று உங்கள் அலுப்பைச் சொல்கிறது, மற்றது நீங்கள் அசையாமல் இருந்த நேரத்தைச் சொல்கிறது.

படிவத்தை நம்பவே கூடாத இடமும் ஒன்று உண்டு: தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய். தன் குறட்டை தன் காதில் விழாது; மூச்சு நின்று நின்று வருவதும் தெரியாது. பிட்ஸ்பர்க் படிவத்தின் கடைசியில் உடன் படுப்பவரிடம் கேட்க ஐந்து கேள்விகள் இருக்கின்றன. ஆனால் அவை மதிப்பெண்ணில் சேராது. இந்த நோயின் அடையாளங்களில் ஒன்றான பகல் தூக்கத்தை அளக்க 1991இல் ஆஸ்திரேலியாவில் உருவான எப்வொர்த் அளவுகோல், ‘நெரிசலில் சில நிமிடம் நிற்கும் காரில் கண் அசருமா?’ என்று கேட்கிறது. காரே இல்லாதவர் கற்பனை செய்துதான் எழுத வேண்டும். எனவே மதிப்பெண் குறைவு என்பதற்காக மூச்சுத் தடை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் இரவுப் பரிசோதனைதான் வழி.

கேட்கும் விதத்தை மாற்றினால் வாய்ச்சொல்லும் துல்லியமாகும். அமெரிக்காவில் 2,100க்கும் மேற்பட்டவர்களின் வீட்டிலேயே மூளை அலைகளைப் பதிவு செய்த ஓர் ஆய்வில், கருவி காட்டியது 363 நிமிடத் தூக்கம். ‘வழக்கமாக எவ்வளவு?’ என்றபோது அவர்கள் சொன்னது 422, ‘நேற்றிரவு எவ்வளவு?’ என்று மறுநாள் காலையில் கேட்டபோது 379. கருவியோடு கழித்த இரவில் தூக்கம் வழக்கத்தைவிடக் குறைந்திருக்கலாம் என்பதைக் கழித்துக்கொண்டாலும், ஒரு மாதத்தை ஒரே எண்ணில் அடக்குவதைவிட நேற்றைய இரவைச் சொல்வது எளிது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் தினமும் காலையில் எழுதி வாருங்கள்: விளக்கை அணைத்த நேரம், தூங்க எவ்வளவு ஆனது, எத்தனை முறை விழிப்பு வந்தது, எழுந்த நேரம், பகலில் எப்படி இருந்தது. நடு ராத்திரியில் மணி பார்க்க வேண்டாம், தோராயமே போதும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டோடு, உங்கள் அருகில் படுப்பவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.