களைப்பெல்லாம் குருதிக் குறைவால் அல்ல



தலசீமியா மேஜர் என்பது பெற்றோர் இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வரும் பரம்பரைக் குருதி நோய். முன்னர் இளவயதிலேயே உயிரைப் பறித்த இந்நோயுடன் இன்று பலர் படித்து, வேலை பார்த்து, குடும்பமாக வாழ்கின்றனர். ஒழுங்கான குருதி ஏற்றலே இதற்கு முதற் காரணம். ஆனால் அக்குருதியுடன் ஒரு சுமையும் சேர்ந்து வருகிறது. அதுதான் இரும்பு.

ஒரு பை குருதியில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உண்டு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பை ஏற்றுபவரின் உடலில் ஆண்டுக்கு 5 கிராமுக்கு மேல் சேரும். நலமுள்ள ஒருவரின் உடல் முழுவதிலும் இருப்பதே 3 முதல் 4 கிராம்தான். மிகுதியை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. எனவே அது ஈரல், இருதயம் ஆகியவற்றிலும், கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியிலும், அதனை இயக்கும் கபச் சுரப்பியிலும் படிகிறது.

தைரொயிட் தளர்ந்தால் களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, மனச்சோர்வு தோன்றும். "குருதி ஏற்றும் நாள் நெருங்குகிறது, அதுதான் களைப்பு" என்று வீட்டார் எண்ணிவிடுவர். குருதி ஏற்றிய பின்னும் களைப்பு தீரவில்லையா? உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். கவனியாது விட்டால் இரும்பால் நலிந்த இருதயத்துக்கு மேலும் கேடு.

அறிகுறி இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் டி.எஸ்.எச்., எஃப்.டி.4 ஆகிய இரு பரிசோதனைகளும் வேண்டும். கபச் சுரப்பி பழுதுற்றவருக்கு டி.எஸ்.எச். உயராதிருக்கலாம், அதை மட்டும் பார்த்தால் குறை மறைந்துவிடும்.

ஆரம்ப நிலையில், இரும்பை அகற்றும் மருந்தைத் தவறாமல் எடுப்பதாலேயே சுரப்பி தேறக்கூடும். முற்றினால் வைத்தியர் லெவோதைரொக்சின் குளிசை தருவார். அதை வெறும் வயிற்றில் தண்ணீருடன், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக எடுக்க வேண்டும். தேநீர், கோப்பி, பால் எல்லாம் பிறகுதான். எலும்புக்காகக் கல்சியம் எடுப்பவர்கள் 4 மணி நேரம் இடைவெளி விடுக. விரத நாளிலும் குளிசையை நிறுத்தலாகாது.

பிள்ளை வளர்ந்து தனியே வைத்தியசாலை செல்லும் வயதில்தான் இப்பரிசோதனைகள் தவறுகின்றன. ஆகவே பெற்றோரே, இன்றே கேளுங்கள்: "கடைசியாகத் தைரொயிட் பார்த்தது எப்போது?"